வீடியோ கேமுக்கு 18+ முத்திரை: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெரியவர்களுக்கு மட்டுமான வீடியோ கேம்களுக்குத் தனி முத்திரை தேவையா? அப்படி ஒன்று கொடுத்தால் ஆபாசத்துக்கும் வன்முறைக்கும் அரசே அனுமதி கொடுத்தது போல ஆகிவிடாதா? இந்தக் கேள்வியோடு ஆஸ்திரேலியா பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் பதில் தானாகவே தெளிவாகும்.

முத்திரை இல்லாத காலம்

ஆஸ்திரேலியாவில் சினிமாவுக்கு, பெரியவர்களுக்கு மட்டும் என்னும் ஆர்18+ சான்று ஏற்கெனவே இருந்தது. வீடியோ கேமுக்கு 2012 முடியும்வரை கிடையாது. கேம்களுக்கு உச்சவரம்பே 15 வயது நிரம்பியவர்களுக்கான எம்.ஏ.15+ தான். அதற்குள் அடங்காத கேமுக்கு மதிப்பீடு மறுக்கப்படும். மறுக்கப்பட்டதை விற்க முடியாது. கேட்பதற்குக் கடுமையான சட்டம். விளைவோ நேர்மாறாக இருந்தது.

2008இல் ‘ஃபால்அவுட் 3’ கேமுக்கு மதிப்பீடு மறுக்கப்பட்டது. மார்ஃபின் என்ற நிஜமான போதை மருந்தைப் பயன்படுத்துவதாகக் காட்டியது சிக்கல். நிறுவனம் மருந்துக்குக் கற்பனைப் பெயர் வைத்தது, எம்.ஏ.15+ கிடைத்துவிட்டது. தலைகள் சிதறும் வன்முறை அப்படியே இருந்தது. பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று விற்ற கேம், ஆஸ்திரேலியாவில் 15 வயதுப் பிள்ளைக்குக் கிடைத்தது. மேல்படி இல்லாததால், பெரியவர்களுக்கான சரக்கு கீழ்ப்படிக்கு இறங்கியது.

சட்டத்தை மாற்ற எல்லா மாநில அட்டர்னி ஜெனரல்களும் (சட்ட அமைச்சர்கள்) ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மைக்கேல் அட்கின்சன் உறுதியாக எதிர்த்தார். கேமில் பார்ப்பவரே செய்பவராகவும் இருப்பதால் பாதிப்பு அதிகம், முத்திரை குத்தினாலும் வீட்டில் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும் என்பது அவர் வாதம். 2010இல் அவர் பதவியை விட்டு விலகினார். அரசு நடத்திய கருத்துக்கேட்பில் 58,000க்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். சுமார் 98 சதவீதம் பேர் ஆதரவு. 2013 ஜனவரி 1 முதல் கேம்களுக்கும் ஆர்18+ வந்தது.

வந்ததால் எல்லாம் அவிழ்த்துவிடப்படவில்லை. அதே ஆண்டு ‘செய்ன்ட்ஸ் ரோ 4’ கேமுக்கு மதிப்பீடு மறுக்கப்பட்டது. பாலியல் வன்முறையைக் காட்டும் ஆயுதமும், போதைப்பொருளைப் பயன்படுத்தினால் கிடைக்கும் பரிசும் காரணங்கள்.

எந்த முத்திரைக்கு என்ன பொருள்?

ஜி, பி.ஜி., எம் மூன்றும் அறிவுரை மட்டுமே. சட்டப்படி விற்பனைத் தடை இல்லை. எம் என்பது 15 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை. எம்.ஏ.15+, ஆர்18+ இரண்டும் சட்டக் கட்டுப்பாடு உள்ளவை. 18 வயது நிரம்பாதவருக்குக் கடைக்காரர் ஆர்18+ கேம் விற்பது குற்றம். வயதுச் சான்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

ரத்தம் மட்டும் ஆபத்தல்ல

2024 செப்டம்பர் 22 முதல் இரண்டு புதிய விதிகள் வந்துள்ளன. சூதாட்டத்தைப் போலவே விளையாடவைக்கும் கேம்களுக்குக் கட்டாயம் ஆர்18+. காசு கொடுத்து வாங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்த பிறகே தெரியும் ‘லூட் பாக்ஸ்’ உள்ள கேம்களுக்குக் குறைந்தது எம். ஆனால், அந்தத் தேதிக்கு முன்பே மதிப்பீடு பெற்ற கேம்கள் பழைய முத்திரையோடே இருக்கக்கூடும். பொம்மைப் படம் போலத் தெரியும் ஒரு பழைய கேமில் சீட்டாட்டமோ சுழல் சக்கரமோ இருந்தால் முத்திரையை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இணையத்தில் சேர்ந்து விளையாடும்போது முன்பின் தெரியாதவர்கள் பேசுவதையும் எழுதுவதையும் எந்த முத்திரையும் அளப்பதில்லை.

என்ன செய்யலாம்?

* வாங்கும் முன் முத்திரைக்கு அருகே உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். வன்முறையா, போதைப்பொருளா, சூதாட்டமா என்று அங்கே எழுதியிருக்கும்.
* பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டென்டோ, செல்போன் என எல்லாவற்றிலும் வயது வரம்பையும் செலவுக் கட்டுப்பாட்டையும் பெற்றோர் அமைக்கலாம். பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து, உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். அமைப்பைத் திறக்கும் ரகசிய எண் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.
* உங்கள் அனுமதியின்றிப் பிள்ளை பணம் செலவழித்துவிட்டால், உடனே கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் போன்ற தளத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ரசீது மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.
* பெரிய பழுதுள்ள கேமுக்குப் பணம் திரும்பப் பெறுவது நுகர்வோர் உரிமை. ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று எழுதிவைப்பதால் அந்த உரிமை போய்விடாது. ‘ஸ்டீம்’ தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு இந்த விவகாரத்தில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 30 லட்சம் டாலர் அபராதம் விதித்திருக்கிறது. தளம் மறுத்தால் மாநில நுகர்வோர் அலுவலகத்தை அணுகலாம்.
* விளையாட்டில் யாராவது பிள்ளையை மிரட்டினால், திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு முதலில் தளத்தில் புகார் செய்யுங்கள். 48 மணி நேரத்தில் நீக்கப்படாவிட்டால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஆஸ்திரேலிய அரசின் இ-சேஃப்டி ஆணையரிடம் போகலாம்.

சிட்னியிலும் மெல்பர்னிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வழிகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. இந்தியாவில் சினிமாவுக்கு ‘ஏ’ சான்றிதழ் உண்டு. வீடியோ கேமுக்கு அப்படிச் சட்டப்படியான சான்று இல்லை. ஆப் கடை காட்டும் வயது எண் போன்றவையே துணை. அங்கே பெற்றோரின் கவனம் இன்னும் கூடுதலாகவே தேவை.

18+ முத்திரை வேண்டும். அது இல்லாத ஊரில் பெரியவர்களுக்கானது பிள்ளைகளுக்கு விற்கப்பட்டது. ஆனால் அட்கின்சன் சுட்டிய ஓட்டை இன்னும் அடைபடவில்லை. சட்டம் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. அண்ணனுக்கு வாங்கிய கேமைத் தம்பி விளையாடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை எந்த அதிகாரியாலும் செய்ய முடியாது.