முட்டி வீங்குச்சா? மூணு வாரம் பின்னாடி யோசிங்க

போன வருஷம் ஒருநாள் காலையில் எழுந்தா, வலது முட்டி பன்னு மாதிரி வீங்கியிருந்தது. எங்கேயும் விழவில்லை, அடிபடவும் இல்லை. டாக்டர் கேட்டார்: "சமீபத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததா?" இருந்தது, மூணு வாரம் முன்னாடி. நானே மறந்துட்டேன்.

இதன் பெயர் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். சால்மோனெல்லா மாதிரி குடல் பாக்டீரியாவோ, உடலுறவில் பரவும் கிளமிடியாவோ தொற்றி, பொதுவாக 1 முதல் 4 வாரத்தில் மூட்டு வீங்கும். மூட்டு நீரை கல்ச்சர் செய்தால் கிருமி வளராது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம்ம எதிர்ப்பு சக்திதான் அங்கே அழற்சியை உண்டாக்குது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும்.

கண் சிவந்தாலோ, சிறுநீர் போகும்போது எரிந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்க. கூச்சப்பட்டு மறைச்சா, பாதி லாக்கை அழிச்சுட்டு பக் தேடச் சொல்ற மாதிரிதான்.