திருமணப் பேச்சும் நிழற்படமும்

ஆயிரம் பொய் சொல்லியாகிலும் ஒரு திருமணத்தை நிறைவேற்று என்பது பழமொழி. அந்த ஆயிரத்தில் ஒன்றாக நிழற்படமும் அமைந்துவிடலாகாது.

யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில் பெரும்பாலும் அயலூர்களுக்குள்ளேயே சம்பந்தம் பேசினர். கோயில் திருவிழாவிலோ உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்திலோ பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரிற் காணுதல் எளிதாயிருந்தது. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். சாதகத்துடன் நிழற்படமும் கடல் கடக்கலாயிற்று. இன்று இணையத்தின் வழியே அது கணப்பொழுதில் ரொறன்ரோவை அடைகின்றது. ஆளைக் காணுமுன் படத்தையே காண்கின்றனர்.

எத்தகைய படம் ஏற்றது? அண்மையில் எடுத்ததாக இருத்தல் வேண்டும். கையை நீட்டித் தம்மைத் தாமே எடுக்கும் படத்தில், கருவி மிக அணித்தாயிருத்தலால் மூக்குப் பெருத்துத் தோன்றும். பிறர் ஐந்தடி தள்ளி நின்று எடுப்பதே நன்று. நண்பகல் வெயில் கண்களின் கீழ் நிழல் வீழ்த்தும். காலையில் விறாந்தையிற் படரும் மென்னொளி முகத்தை உள்ளவாறு காட்டும். முகம் தெளிந்த படம் ஒன்று, முழு உருவப் படம் ஒன்று, விருப்பமான செயலில் ஈடுபட்ட படம் ஒன்று ஆக மூன்று போதும். பலர் கூடிநிற்கும் படத்தில் மணமகன் யாரென்று தேடவேண்டி வரும்.

முன்னாளிற் படப்பிடிப்பாளர் படச்சுருளிற் பென்சிலால் தழும்பை மறைத்தனர். இன்று கைத்தொலைபேசி மாநிறத்தையே வெண்ணிறமாக்கிவிடுகின்றது. கட்டுநாயக்காவில் விமானமேறித் தனியே செல்லும் பெண், அங்கே காத்துநிற்பவர் படத்திற் கண்டவர்தாமா என ஐயுற நேர்ந்தால், அவள் திரும்பிவர வழி எளிதன்று. ஆதலின், நேரிற் கண்டதும் இவரே அவர் எனச் சொல்லத்தக்க படத்தையே தெரிந்தெடுப்போமாக.