காரீயம் கலந்த குடிநீர்: ஃபிளிண்ட் நகரில் மறைக்கப்பட்ட சான்று

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளிண்ட் நகரின் குழாய் நீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 அக்டோபரில் முறையிட்டது. அதன் ஆலைக்கு வேறு நீர் பெற அனுமதி கிடைத்தது. அதே நீரைக் குடித்துவந்த மக்களுக்கு மாற்று நீர் கிடைக்க மேலும் ஓராண்டு ஆயிற்று.

ஃபிளிண்டின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். சுமார் 40 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தனர். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, மாநில அரசு நியமித்த அவசரநிலை மேலாளரிடம் நகர நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் நகர்மன்றமும் அதிகாரம் இழந்திருந்தனர். இந்நிலையில், செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த நீர் நிறுத்தப்பட்டு, ஃபிளிண்ட் ஆற்று நீர் விநியோகிக்கப்பட்டது.

தெருக் குழாயை வீட்டுடன் இணைக்கும் பழைய குழாய்கள் பல காரீயத்தால் ஆனவை. நீரில் பாஸ்பேட் சேர்த்தால் குழாயின் உட்புறத்தில் ஒரு படலம் உருவாகி, உலோகம் கரையாமல் தடுக்கும். ஆற்று நீருக்கு அரிக்கும் தன்மை மிகுதி. ஆயினும் பாஸ்பேட் சேர்க்கப்படவில்லை. பழைய படலம் சிதைந்து, காரீயம் வீட்டுக் குழாய்களுக்குள் வந்தது.

பழுப்பு நிற நீரைப் புட்டிகளில் ஏந்தி மக்கள் கூட்டங்களுக்குச் சென்றனர். நீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் விடையளித்தனர். மாதிரி எடுக்கும் முன் குழாயைத் திறந்துவிட்டு நீரை வெளியேற்றுமாறு குடியிருப்போர் அறிவுறுத்தப்பட்டனர். இரவு முழுவதும் தேங்கிய நீரில் இருக்கும் காரீயம் இதனால் கணக்கில் வராது போகும். 2015இல் மிகுதியான காரீயம் காட்டிய இரண்டு மாதிரிகள் நீக்கப்பட்டன. அதனால் ஆய்வு முடிவு, நடவடிக்கையைக் கட்டாயமாக்கும் 15 பிபிபி அளவுக்குக் கீழே இறங்கியது. வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் வீடுகளில் தனியே சோதித்தபோதும், குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் வெளியிட்டபோதும்தான் உண்மை வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் டெட்ராய்ட் நீர் மீண்டும் வந்தது.

காரீயத்திற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். உடலுக்குள் அது கால்சியத்தைப் போல நடந்து எலும்பில் சேர்கிறது. கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து கருவையும் அடைகிறது. வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கி, கற்றல் திறனையும் கவனத்தையும் குறைக்கிறது. இப்பாதிப்பு பெரும்பாலும் மீளாதது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் கற்றல் தடுமாற்றம் சில ஆண்டுகள் கழித்துத் தெரியவரும்போது, பழி குழந்தையின் மீதும் அதன் சமூகத்தின் மீதும் விழுகிறது.

இப்பேரிடரில் கட்டமைப்பு சார்ந்த இனவெறிக்குப் பங்குண்டு என்று மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம் 2017இல் அறிவித்தது. 2021இல் 62.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதிகாரிகள் மீதான குற்ற வழக்குகளோ, குற்றம் சாட்டிய முறை செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியதால் சரிந்தன.

வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதைக் குழந்தைகளின் உடல்நலக்குறைவு வெளிப்படுத்தியது. காரீயம் அத்தகைய உடனடி அடையாளம் எதையும் காட்டுவதில்லை. ஆகவே ஆய்வு அறிக்கையே நமக்குச் சான்று. இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் காரீயத்தையே அனுமதிக்கிறது. மாசற்ற நீர் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது. இங்கே காரீயம் பழைய பிவிசி குழாய்களிலிருந்தும், பித்தளைப் பொருத்திகளிலிருந்தும், பேட்டரி உருக்கும் பட்டறைக் கழிவுகளிலிருந்தும் வரக்கூடும்.

எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நம் உள்ளாட்சியிடம் கேட்க வேண்டியவை: எங்கள் குடியிருப்பின் நீரில் காரீயம் சோதிக்கப்பட்டதா? எந்த நாளில்? மாதிரி எடுக்கப்பட்டது தொட்டியிலா, வீட்டுக் குழாயிலா? எந்த மாதிரியேனும் நீக்கப்பட்டதா? 'சோதிக்கவில்லை' என்ற விடையும் நீதிமன்றத்தில் ஒரு சான்றே.