ஒதுங்கும் மனமும் உறவு தேடும் மூளையும்

மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கியிருப்பதைக் காண்போர், அவருக்கு உறவுகளில் நாட்டமே அற்றுப்போனதாக எளிதில் முடிவுகட்டிவிடுகின்றனர். மருத்துவமும் இவ்வொதுக்கத்தை ‘எதிர்மறை அறிகுறி’களுள், அதாவது இயல்பாக இருக்க வேண்டிய ஆர்வமும் உணர்ச்சி வெளிப்பாடும் குன்றிப்போவதன் கூறுகளுள் ஒன்றாகவே வகைப்படுத்தியுள்ளது. ஆயினும், ஆஸ்திரேலியாவில் 2010இல் மனச்சிதைவு உள்ளிட்ட உளப்பிறழ்வு நோயாளிகளிடையே நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டில் தனிமை தம்மை வாட்டியதாகத் தெரிவித்தனர். நாட்டம் இல்லாதவருக்கு இந்த ஏக்கம் எங்கிருந்து வரும்?

தனிமையுணர்வு என்பது, ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்கு வாய்த்த உறவுக்கும் இடையிலுள்ள பள்ளமே தவிர, அருகில் இருப்போரின் எண்ணிக்கை அன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், நலமாக உள்ளவர்களைப் பத்து மணி நேரம் தனித்திருக்கச் செய்து, பின்னர் மனிதர்கள் கூடிப் பழகும் படங்களைக் காட்டியபோது, பசித்தவர் உணவைக் காணும்போது தூண்டப்படும் நடுமூளைப் பகுதியே அவர்களிடமும் தூண்டப்பட்டதை 2020இல் வெளியிட்டனர். இத்தேவை நிறைவேறாமல் நீடித்தால், மூளை பிறரிடமிருந்து வரக்கூடிய புறக்கணிப்பை முன்கூட்டியே தேடும் விழிப்பு நிலைக்குச் சென்றுவிடும் என்று சிகாகோ உளவியலாளர் ஜான் கசியோப்போ விளக்கினார். ஏற்கெனவே ஐயத்தால் அலைக்கழிக்கப்படுபவரிடம் இவ்விழிப்பும் சேர்ந்தால், ஒதுங்குதல் ஐயத்தையும் ஐயம் ஒதுங்குதலையும் வளர்க்கும். சமூகம் அவரை உண்மையாகவே புறக்கணிப்பதால், அவரது அச்சம் முழுவதையும் நோயின் கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது.

யேல் பல்கலைக்கழக மனநல மருத்துவர் ரால்ஃப் ஹாஃப்மன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கையை இழந்தவர் சிலருக்கு இல்லாத கையில் வலி தோன்றுவதைப் போல, மனிதப் பேச்சும் முகமும் கிடைக்காமல் வறண்ட மூளைப் பகுதிகள் தாமே குரல்களையும் ஆட்களையும் படைத்துக்கொள்ளக்கூடும் என்பது அவர் 2007இல் முன்வைத்த கருதுகோள். அது மெய்ப்பிக்கப்பட்ட முடிவன்று. எனினும், நோய் வெளிப்படுவதற்கு முன்பே பலர் ஒதுங்கத் தொடங்குவதையும், நோயாளிகளுக்குக் கேட்கும் இல்லாத ஒலி பெரும்பாலும் யாரோ ஒருவரின் பேச்சாகவே இருப்பதையும் அது ஒருசேரக் கணக்கில் கொள்கிறது.

டோபமைன் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கும் மருந்துகள் குரல்களைத் தணிக்கின்றனவே ஒழிய, உறவை ஈட்டித் தருவதில்லை. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பேனியன்’ அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் இவ்விடத்தில்தான் முக்கியத்துவம் பெறுகிறது; காப்பகங்களில் நெடுங்காலம் தங்கிவிட்டவர்கள், சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு எடுத்த வீடுகளில், உதவியாளர் துணையோடு சிலராகச் சேர்ந்து குடியிருந்து, அண்டை வீட்டாரோடு பழகும் வாய்ப்பை அது உருவாக்கியுள்ளது.