டைட்டன் வளிமண்டலத்தில் எதிர்மின் அயனிகள்

கோள்களின் மேல் வளிமண்டலத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் படும்போது மூலக்கூறுகள் எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனிகளாகின்றன. அவ்வாறு விடுபட்ட எலக்ட்ரானை வேறொரு மூலக்கூறு ஏற்று எதிர்மின் அயனியாவது இதனினும் அரிது. புவியில் 60 முதல் 90 கி.மீ. வரை உயரமுள்ள 'டி' அடுக்கில், அதிலும் அதன் கீழ்ப்பகுதியிலேயே இது குறிப்பிடத்தக்க அளவில் நிகழ்கிறது. அங்கு வளி அடர்த்தி மிகுதி. எலக்ட்ரானைப் பற்றிக்கொள்ளும் இயல்புடைய ஆக்சிஜனும் உண்டு.

சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் இவ்விரு சூழல்களும் இல்லை. அதன் வளிமண்டலம் பெரும்பான்மையும் நைட்ரஜனால் ஆனது. சிறிதளவு மீத்தேனும் கலந்துள்ளது. நைட்ரஜன் மூலக்கூறு எலக்ட்ரானை நிலையாக ஏற்பதில்லை. ஆகவே டைட்டனின் அயனி மண்டலத்தில் எதிர்மின் அயனிகள் பொருட்படுத்தத்தக்க அளவில் இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 2004இல் சனியை அடைந்த காசினி விண்கலத்தில் அவற்றை அளப்பதற்கெனத் தனிக்கருவி இடம்பெறாததற்கும் இதுவே காரணம் எனலாம்.

அவற்றைக் கண்டறிந்தது எலக்ட்ரான்களை அளப்பதற்காக அமைக்கப்பட்ட நிறமாலைமானியாகும். எதிர்மின்னூட்டம் கொண்ட எத்துகளும் அதனுள் பதிவாகும். அப்படியானால் எலக்ட்ரானையும் அயனியையும் எவ்வாறு பிரித்தறிவது? எலக்ட்ரான்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் விரைந்து வருபவை. கனமான அயனிகளோ விண்கலத்தை நோக்க ஏறத்தாழ அசைவற்றவை. நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் விண்கலமே அவற்றின் மீது பாய்கிறது. எனவே கருவி பயணத்திசையை நோக்கும்போது மட்டும் அயனிகள் கூரிய முகடுகளாகத் தோன்றும். அவ்வேகத்தில் ஓர் அணுநிறை அலகுக்கு ஏறத்தாழ 0.19 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் அமையுமாதலால், முகட்டின் ஆற்றலிலிருந்து நிறையைக் கணக்கிடலாம். ஆண்ட்ரூ கோட்ஸ் தலைமையிலான குழு 2007இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சுமார் 950 கி.மீ. உயரத்தில் இம்மதிப்பு 10,000 வரை சென்றது.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். கருவி தருவது நிறையை அன்று. நிறைக்கும் மின்னூட்டத்துக்குமான விகிதத்தையே தருகிறது. ஒரு துகள் ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களை ஏற்றிருப்பின் அதன் உண்மை நிறை இன்னும் மிகும். 10,000 என்ற எண்ணை நேரடியாக மூலக்கூறு நிறை என்று எழுதுவது பிழைக்கு இடந்தரும்.

நைட்ரஜன் ஏற்காத எலக்ட்ரானை ஏற்பவை எவை? நைட்ரஜனும் மீத்தேனும் சிதைந்து வினைபுரிவதால் ஹைட்ரஜன் சயனைடு, சயனோ அசெட்டிலீன் போன்ற சேர்மங்கள் உருவாகின்றன. எலக்ட்ரான் மோதும்போது இவை பிளந்து, ஒரு கூறு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. சயனைடு அயனி சயனோ அசெட்டிலீனிடமிருந்து புரோட்டானைக் கவர, நீண்ட கரிமச் சங்கிலி கொண்ட அயனி பிறக்கிறது. இத்தகைய சங்கிலி அயனிகளுக்கான சான்று 2017இல் வெளியான ஆய்வில் தரப்பட்டது. கீழே இறங்க இறங்கச் சிறிய சங்கிலிகள் குறைய, பெரிய துகள்கள் விரைந்து வளர்வதையும் அவ்வாய்வு காட்டியது. எதிர்மின்னூட்டம் கொண்ட துகள் நேர்மின் அயனிகளைத் தன்பால் ஈர்த்து மேலும் பருக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கமாகும்.

டைட்டனை மறைத்து நிற்கும் செம்மஞ்சள் மூட்டம், இதனினும் பல நூறு கி.மீ. கீழேதான் உருவாகத் தொடங்குகிறது என்று முன்பு கருதப்பட்டது. அதன் தொடக்கம் அயனி மண்டலத்திலேயே உள்ளது என்பதே இக்கண்டுபிடிப்பின் பெறுமதி. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் இதனையொத்த பொருளுக்குக் கார்ல் சேகனும் பிஷுன் காரேயும் 1979இல் 'தோலின்' எனப் பெயரிட்டனர். கலங்கிய தன்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த இதற்கும் தமிழின் 'தோல்' என்பதற்கும் தொடர்பில்லை. தமிழில் வேற்றுமை உருபு ஏற்ற சொல்லாக மயங்க வாய்ப்பிருப்பதால், கட்டுரைகளில் மேற்கோள் குறிக்குள் இடுவது நலம்.

நிறமாலைமானி அடங்கிய கருவித்தொகுதி 2012இல் நிறுத்தப்பட்டது; காசினியும் 2017 செப்டம்பர் 15 அன்று சனியின் வளிமண்டலத்துள் புகுந்து அழிந்தது. மிகக் கனமான அயனிகளின் கட்டமைப்பை இப்போதைக்கு அப்பழைய பதிவுகளையும் ஆய்வகச் சோதனைகளையும் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது.