வைரஸ் எச்சரிக்கை மெய்யா, பொய்யா? பணப்பை மென்பொருளை நிறுவுமுன் ஒரு சோதனை

சிவனொளிபாதமலைக்கு ஹட்டன் வழியாக ஏறுபவர்களின் பாதை நல்லதண்ணியில் தொடங்குகிறது. பருவகாலத்தில் அங்கே கடை போடும் தோட்டத்து இளைஞர் ஒருவர் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெளிநாட்டிலிருக்கும் அவருடைய அண்ணன், பிட்கொயினாகக் கொஞ்சம் பணம் அனுப்புவதாகச் சொல்லி, எலெக்ட்ரம் என்ற பணப்பை மென்பொருளைத் தரவிறக்கச் சொல்லியிருக்கிறார். வட்ஸ்அப் குழுவொன்றில் வந்த இணைப்பிலிருந்து இறக்கியதும் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது.

"அக்கா, இது உண்மையிலேயே வைரஸா, இல்ல சும்மா பயங்காட்டுதா?"

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். சிக்கலே அதுதான்.

வைரஸ் காப்பு மென்பொருள் ஒரு கோப்பின் நோக்கத்தை அறியாது, சாயலைத்தான் பார்க்கிறது. பைத்தன் மொழியில் எழுதி ஒரே கோப்பாகப் பொதியப்படும் மென்பொருள்கள், அதே முறையில் பொதியப்பட்ட தீநிரல்களைப் போலத் தெரியும். எலெக்ட்ரமும் அப்படிப் பொதியப்பட்டதே. மொனேரோ பணப்பையில் நாணயம் அகழும் வசதியும் சேர்ந்திருக்கிறது. திருட்டுத்தனமாக அகழும் நிரல்களிலும் அதே வசதி இருப்பதால் அதுவும் மாட்டிக்கொள்கிறது. மென்பொருளை வெளியிட்டவர் யார் என்பதைக் காட்டும் சான்றிதழைக் கட்டணம் செலுத்தித்தான் பெற வேண்டும். தன்னார்வலர்கள் எழுதும் பல மென்பொருள்களில் அது இருப்பதில்லை. அப்போது "அறியப்படாத வெளியீட்டாளர்" என்று விண்டோஸ் தடுக்கிறது.

அதற்காக எச்சரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடவும் முடியாது. 2018 டிசெம்பரில், எலெக்ட்ரம் பயனர்களின் திரையில் "புதிய பதிப்பை இறக்குங்கள்" என்ற போலிச் செய்தியைக் காட்டி, 200க்கும் மேற்பட்ட பிட்கொயின்களைத் திருடினார்கள். 2019 நவம்பரில் மொனேரோவின் அதிகாரபூர்வ இணையத்தளத்துக்குள்ளேயே புகுந்து, சிறிது நேரம் திருட்டுக் கோப்பை வைத்தார்கள். அதைக் கண்டுபிடித்தது வைரஸ் காப்பு அல்ல. இறக்கிய கோப்பின் ஹாஷ் எண், தளத்தில் வெளியிடப்பட்ட எண்ணோடு பொருந்தவில்லை என்பதைக் கவனித்த ஒரு பயனர்.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும். விண்டோஸின் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் அதைக் கணிக்கலாம். ஆனால் தளத்தையே கைப்பற்றியவர் அங்குள்ள எண்ணையும் மாற்றலாம். அதனால் உருவாக்குநரின் மின்கையொப்பத்தைச் சரிபார்ப்பது இன்னும் உறுதியானது. ஜிபிஜி4வின் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும்.

நல்லதண்ணிக் கடையில் அதைத்தான் செய்தோம். வட்ஸ்அப்பில் வந்த கோப்பின் கையொப்பம் பொருந்தவில்லை, அழித்தோம். எலெக்ட்ரமின் சொந்தத் தளத்திலிருந்து மறுபடி இறக்கினோம். அதே சிவப்பு எச்சரிக்கை மறுபடியும் வந்தது. இம்முறை கையொப்பம் பொருந்தியது.

இன்னும் இரண்டு விடயங்கள். பணப்பையை மீட்க உதவும் இரகசியச் சொற்களை யார் கேட்டாலும், அண்ணனே கேட்டாலும், அனுப்பக்கூடாது. மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2022இல் அறிவித்தது. ஆகவே பணம் பறிபோனால் முறையிட்டு மீட்டுத்தர ஒரு வங்கிக் கிளை இருக்காது.

போரிலும் நெருக்கடியிலும் சிதறிய நம் குடும்பங்களுக்கு, தூரத்து உறவு அனுப்பும் பணம் பல மாத உழைப்பு. அதைக் காக்கும் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.