சிவப்புப் பெட்டி யாருக்குச் சொந்தம்?

நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில துணி காயுற கொடியை ஒரு தடவை பாருங்க. சிவப்புச் செவ்வகம், அதுக்குள்ள லேசா சாய்ஞ்ச வெள்ளை எழுத்துல 'சுப்ரீம்'. ஒரு டி-ஷர்ட்டாவது கண்ணுல படும். என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ரோட்டோரக் கடையில 200 ரூபாய்க்கு வாங்கினது. போன வருஷம் ஒரு ஜூனியர், "அண்ணா, ஒரிஜினலா?"ன்னு கேட்டான். "ஆமாடா, மாமா சிங்கப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்தார்"ன்னு கூசாம சொல்லிட்டேன். அந்தப் பொய் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் இந்த லோகோவோட கதையைத் தேடிப் படிச்சேன். 'ஒரிஜினல்' என்ற வார்த்தையே இங்கே எவ்வளவு சிக்கலானதுன்னு அப்போதான் புரிஞ்சது.

1994ல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா என்பவர் ஒரு ஸ்கேட்போர்டு கடை திறந்தார். அதுதான் சுப்ரீம். அந்தப் பகுதியில் ஸ்கேட்போர்டு ஓட்டும் பசங்கதான் முதல் வாடிக்கையாளர்கள். லோகோவோட பாணி மட்டும் பார்பரா க்ரூகர் என்ற அமெரிக்கக் கலைஞரிடம் இருந்து வந்தது.

யார் இந்த க்ரூகர்? ஆரம்பத்தில் பத்திரிகை வடிவமைப்பாளரா வேலை பார்த்தவர். எழுத்தும் படமும் எப்படி நம்மளை இழுக்கும்னு அவருக்கு அத்துப்படி. அதையே எடுத்துத் திருப்பி அடித்தார். கருப்பு வெள்ளைப் புகைப்படம், அதன்மேல் சிவப்புப் பட்டை, அதில் ஃப்யூச்சுரா எழுத்துருவில் வெள்ளையா ஒரு குத்தலான வாசகம். 1987ல் செய்த ஒரு படைப்பில், தத்துவ அறிஞர் டெகார்த்தின் புகழ்பெற்ற கூற்றில் இருந்து 'சிந்திப்பதை' எடுத்துட்டு 'ஷாப்பிங்'கை வெச்சார். பொருள் வாங்குறதுதான் நம்ம அடையாளம்னு ஆகிடுச்சேங்கிற கிண்டல் அது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. வாங்கும் வெறியைக் கிண்டல் பண்ணின அதே பாணிதான், உலகமே வரிசையில் நின்னு வாங்கும் லோகோவா மாறிடுச்சு!

எப்படி மாறிச்சு? சுப்ரீம் எதையும் குவிச்சு விக்காது. வாரம் ஒருநாள், குறைந்த எண்ணிக்கையில் புதுச் சரக்கு இறக்கும். இதுக்குப் பேர் 'டிராப்'. தீர்ந்தா தீர்ந்ததுதான். அதனால கிடைச்சவங்க பல மடங்கு விலைக்கு மறுபடி விக்கிறாங்க. 2016ல் தன் பேர் பொறிச்ச ஒரு செங்கல்லை 30 டாலருக்கு விட்டாங்க. ஆமாங்க, செங்கல். அதுவும் வித்துப்போச்சு. நாலு ஸ்கேட்டர் பசங்களுக்குள்ள 'நீயும் நம்ம ஆளு'ன்னு சொன்ன அடையாளம், 'என்னால இதை வாங்க முடிஞ்சது'ன்னு சொல்ற அடையாளமா ஆயிடுச்சு. 2020ல் வி.எஃப். என்ற பெரிய நிறுவனம் இந்த பிராண்டையே 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

இதுக்கு நடுவில்தான் அந்த வேடிக்கை நடந்தது. லியா மெக்ஸ்வீனி என்ற பெண், சுப்ரீம் பேரோட பெண்களைத் திட்டும் ஒரு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து, அதே சிவப்புப் பெட்டி பாணியில் டி-ஷர்ட் போட்டார். ஆண்களே நிறைஞ்ச ஸ்கேட் உலகத்தைக் கிண்டல் பண்றதுதான் நோக்கம். 2013ல் சுப்ரீம் அவர் மேல 1 கோடி டாலர் கேட்டு வழக்கு போட்டது. பிறகு சமரசமா முடிஞ்சது. ஆனா இதைப் பத்தி க்ரூகர்கிட்ட கேட்டப்போ, இந்த மாதிரி முட்டாள்தனத்தைப் பத்திதான் தன் படைப்புகளே இருக்குன்னும், இவங்க எல்லாரும் காப்பிரைட் மீறல்னு தன் மேலயே கேஸ் போடக் காத்திருக்கேன்னும் நக்கலா பதில் சொன்னார். 2017ல் 'தி டிராப்'னு பேர் வெச்சு, நியூயார்க்கில் தானே ஒரு தற்காலிகக் கடை போட்டு, தன் வாசகங்களோட ஸ்கேட்போர்டும் டி-ஷர்ட்டும் வித்தார்.

டூப்ளிகேட் வாங்குறது சரின்னு நான் வாதாட வரல. ஆனா ஒரு லோகோவோட மதிப்பு அந்தச் சிவப்பு மையில இல்லை. அதைப் பார்க்கிறவங்க மனசுல இருக்கு. நான் அன்னைக்குப் பொய் சொன்னதும் அதனாலதான். டி-ஷர்ட்டைக் காப்பாத்த இல்லை, என்னைக் காப்பாத்த. க்ரூகர் 1987லயே கிண்டல் பண்ணினது என்னைத்தான்.

அந்த டி-ஷர்ட்ல பிரிண்ட் இப்போ உரிய ஆரம்பிச்சிடுச்சு. இன்னமும் போடுறேன். அடுத்த தடவை யாராவது "ஒரிஜினலா?"ன்னு கேட்டா பதில் ரெடி: "இல்லடா, 200 ரூபா. உட்காரு, இதுக்கு ஒரு கதை இருக்கு."